பாண் சுடும் போறணை நனையாதிருக்க வடிகானைத் திருத்தித் தரக் கோரல் (ஐந்தாவது மனு)

திருகோணமலை,
21.10.2024

வீதி, வடிகான் வேலைகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களுக்கு,

பெருமதிப்பிற்குரிய ஐயா,

டச்சு வளைகுடாக் கடற்கரைக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கை தங்களுக்குத் தெரியாத இடமல்ல. அதில் இருக்கும் எங்கள் பேக்கரியும் தேநீர்க் கடையும் தங்களுக்குப் புதியவையும் அல்ல. இளம் உத்தியோகத்தராக இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த காலத்தில், எங்கள் வாங்கில் இருந்து மீன் பணிசும் பிளேன்ரீயும் சாப்பிட்டதாகத் தாங்களே ஒருமுறை என் மாமாவிடம் சொன்னீர்கள். மாமா இப்போது இல்லை. கடையை நான்தான் நடத்துகிறேன். அந்த உரிமையில் பின்வருவனவற்றைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. 2023 ஓகஸ்ட் மாதம் வடிகானைத் திருத்துவதற்கென்று கடைக்கு முன்னால் சுமார் 40 அடி நீளத்துக்குக் கொங்கிறீற் மூடிகளைக் கழற்றினார்கள். கடலுக்குப் போகும் முனையில் உடைத்த கல்லையும் மண்ணையும் குவித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கருவிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு வரவேயில்லை. மூடிகள் எங்கள் சுவரில் சாய்ந்தபடி இருக்கின்றன. அவற்றில் பாசி படர்ந்துவிட்டது.

2. இதுபற்றி 06.11.2023, 17.01.2024, 11.03.2024, 02.07.2024 ஆகிய நாள்களில் மனுக் கொடுத்தேன். இரண்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒன்றுக்கு மட்டும் “கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது” என்று பதில் வந்தது.

3. நான்காவது மனுவைக் கையில் கொடுக்க வந்தபோது, மேசையில் இருந்த தம்பி ஒருவர், “ஒரு சின்ன பேக்கரிதானே அம்மா, கொஞ்சம் பொறுங்கோ” என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை, வயது அப்படி. ஆனாலும் அவருக்காக இதை எழுத வேண்டியிருக்கிறது.

மாமாவின் தகப்பனார் 1939இல் இந்தக் கடையைத் தொடங்கினார். பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர்கள் விடியமுன் சைக்கிளில் போகும்போது வாங்கிப் போகிற அச்சுப் பாண்தான் அன்றைய வியாபாரம். ஈஸ்ட் கிடைக்காத நாள்களில் கள்ளு விட்டு மாவைப் புளிக்க வைப்பாராம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, வருடப் பிறப்புக்கு நாலைந்து நாள் முன்னதாக, ஜப்பான்காரன் குண்டு போட்டான். ஊர் கிடந்தபடி கிடக்க, சனம் வெளிக்கிட்டது. தாத்தாவும் போறணையைத் தணல் அள்ளி ஆற விட்டுவிட்டுத்தான் போனார். போறணை ஆறியது அதுதான் முதல் தடவை. இரண்டாவது, 1964 டிசெம்பர்ச் சூறாவளி கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது நான்கு நாள். மூன்றாவது, 2022இல் காசு கையில் இருந்தும் கோதுமை மா கிடைக்காமல் இரண்டு நாள். 85 ஆண்டுகளில் இந்த மூன்று தடவைகள்தான். 1957இல் கடற்படைத் தளம் கைமாறி, பாதி வாடிக்கை போனபோதும் ஆறவில்லை. சீனக்குடாவில் மா ஆலை வருமுன்னர், எழுபதுகளில், பாணுக்கு வரிசை நின்ற காலத்திலும் ஆறவில்லை. ஊரடங்கு நாள்களில் பின்கதவால் பாண் கொடுத்தார்கள். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் எங்கள் வாசற்படி வரை வந்து திரும்பியது; அன்றிரவே பாடசாலைகளில் தங்கியிருந்த சனத்துக்காக மூன்று தடவை போறணை வைத்தோம்.

4. ஐயா, மற்றவற்றை விட்டாலும் இதை மட்டும் முழுதாக வாசியுங்கள்.

எங்கள் போறணை செங்கல்லால் கட்டிய குகை. மாலை ஏழு மணிக்கு உள்ளே விறகை அடுக்கி எரிப்போம். நள்ளிரவு கழிந்ததும் தணலை வாரி எடுத்து, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, ஒரு பிடி மாவைத் தூவிப் பார்ப்போம். சட்டென்று கருகினால் சூடு கூட. மெல்லப் பொன்னிறமானால் பாண் வைக்கலாம். அதன்பிறகு உள்ளே நெருப்பு இல்லை. கல் குடித்து வைத்த சூட்டில்தான் பாண் வேகிறது.

வடிகானுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவில் ஒரேயொரு சுவர். முனை அடைபட்டதால் தண்ணீர் கடலுக்கு இறங்க வழியில்லை. அது அத்திவாரத்துக்குள் ஊறி, போறணைத் தளத்துக்குக் கீழே ஏறுகிறது. போன கார்த்திகை மழையில் முதல் தடவை பார்த்தோம்: தணலை வாரிய பிறகு தளத்திலிருந்து ஆவி எழும்பியது. பாண் மேலே சிவந்திருந்தது. திருப்பிப் பார்த்தால் அடி வெள்ளையாக, விரலில் ஒட்டியது. அன்று 120 இறாத்தல் பாண் மாட்டுக்குப் போனது. மறுநாள் இரு மடங்கு விறகு எரித்தோம். அடி வெந்தது, மேல் கருகியது. (பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்று இவ்வாண்டு பெப்ரவரியில் அரசாங்கம் விதித்தது. வேகாத பாண் ஈரத்தால் நிறை கூடித்தான் இருக்கும். சட்டத்தின் கண்ணில் எங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை!)

ஈரக் கல்லைத் திரும்பத் திரும்பச் சுட வைத்ததில் வளைவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெடிப்பு. அதைப் பூசத் தெரிந்த மேசன் காலமாகி ஆறு வருடம். அவருடைய மகன் கட்டாரில் இருக்கிறான், அவனுக்கு இந்த வேலை தெரியாது. போறணை இடிந்தால் திருப்பிக் கட்ட ஆளில்லை, ஐயா. மின்சார அடுப்பு வாங்கலாமே என்றும் தங்கள் பகுதியில் ஒருவர் ஆலோசனை சொன்னார். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்று, எரிவாயுவும் இல்லாதபோது, விறகுப் போறணை வைத்திருந்த நாங்கள்தான் பாண் போட்டோம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

போன மாரியிலிருந்து இன்றுவரை 23 நாள்கள் போறணை ஆறிக் கிடந்திருக்கிறது. மாமி ஒவ்வொரு நாளையும் கலண்டரில் சிவப்புப் பேனையால் சுற்றி வைத்திருக்கிறார். குண்டுக்கும் சூறாவளிக்கும் பஞ்சத்துக்கும் மூன்று தடவை. ஒரு வடிகானுக்கு 23 நாள்!

விடிய ஐந்து மணிக்கு வரும் முச்சக்கர வண்டிக்காரர்கள் பாண் ஆகவில்லை என்றால் வேறு இடம் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். ஆறிய நாளிலும் கொடுக்கிறேன்.

5. கோணேசர் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற வயதானவர்கள் எங்கள் வாங்கில் இருந்து தேநீர் குடிப்பது வழக்கம். இப்போது அவர்கள் வடிகானுக்கு மேலே போட்ட பலகையைப் பார்த்து, அந்தப் பக்கத்திலிருந்தே கையசைத்துவிட்டுப் போகிறார்கள்.

6. தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பி இருப்பதாக எங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். எங்களுக்கு! யாருடைய வடிகான் ஐயா அது?

7. கடந்த ஜூனில் ஒரு மான் அதற்குள் விழுந்தது. கடை ஓரத்தில் பாண் கரை தின்ன வருகிற பெட்டை மான்தான், தாங்களும் கண்டிருப்பீர்கள். தொலைபேசியில் அறிவித்து இரண்டு மணித்தியாலத்தில் ஆறு பேரும் கயிறும் வாகனமும் வந்துவிட்டன. மான் பிழைத்ததில் எனக்கு மெத்தச் சந்தோசம். வந்த ஆறு பேரும் மூடிகளைக் கண்டார்கள், முனையில் கிடந்த கல்லைக் கண்டார்கள், எங்கள் தேநீரைக் குடித்தார்கள், போய்விட்டார்கள். நான் விழுந்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று அன்றிரவு யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மரியாதைக் குறைவாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். முதல் மனுவில் “கருணை கூர்ந்து” என்று நான்கு இடத்தில் எழுதினேன். இப்போது அந்தச் சொல் பேனையில் வருகுதில்லை.

நான் கேட்பது புது வடிகான் அல்ல. நட்டஈடும் கேட்கவில்லை. முனையில் கிடக்கும் கல்லையும் மண்ணையும் அள்ளிவிடுங்கள். தண்ணீர் தானாகக் கடலுக்குப் போகும். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் போனது. மூடிகளைத் திருப்பிப் போடுங்கள், அவை இங்கேயே இருக்கின்றன. நாலு பேருக்கு இரண்டு நாள் வேலை. ஐப்பசி பிறந்துவிட்டது. நேற்று மாலை முதல் மழை விழுந்தது, இன்று விடியப் போறணைத் தளத்தில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. கார்த்திகை மழைக்கு முன் அந்த முனையைத் திறந்துவிடுங்கள், ஐயா. முனையை மட்டுமாவது.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
பேக்கரி உரிமையாளர்

இணைப்பு: முன்னைய மனுக்களின் பிரதிகள் 4, பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகள் 2, கலண்டர்த் தாள்களின் படப்பிரதி.

பி.கு.: நேரில் பார்க்க வருவதானால் பின்கதவால் வாருங்கள். முன்பக்கப் பலகை மழைக்கு வழுக்குகிறது.