அவள் தண்ணீர் ஊற்றட்டும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று இரவு நீ உன் மகள் குட்டியைப் பற்றிப் போனில் பேசியதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. "மூன்றரை வயதாகிறது, ஒரு 'அ' போடத் தெரியவில்லை. இந்த மாண்டிசோரி பள்ளியில் தண்ணீர் ஊற்றவும் பயறு அள்ளவும்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏபிசிடி முழுக்க எழுதுகிறது. இதற்கா ஃபீஸ் கட்டுகிறேன்?" என்று கேட்டாய். ஜூன் மாதம் வேறு பள்ளியில் சேர்க்கப் போவதாகவும் சொன்னாய். அதற்கு முன் அக்கா சொல்வதைக் கொஞ்சம் கேள்.

குலசேகரத்து ரப்பர் தோட்டத்தில் மாமாவிடம் நீ பால்வெட்டுப் படித்த நாட்களை நினைத்துப் பார். மாமா எடுத்த எடுப்பில் கத்தியைத் தந்தாரா? பல நாள் பால் பிடிக்கும் சிரட்டை துடைத்தாய், உறைந்துபோன ஒட்டுப்பால் உரித்தாய். பிறகு, முறித்து விற்கப் போகிற கிழட்டு மரத்தில்தான் உன்னை வெட்டிப் பார்க்க விட்டார். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் குறைவு. அந்த அளவு இன்றைக்கும் உன் கைக்குத்தான் தெரியும். வாயால் கேட்டால் உனக்கே சொல்ல வராது. எழுத்தும் கைவேலைதான், தம்பி. மூன்று வயதில் பென்சிலைத் திணித்தால் விரல் இறுகிப்போகும். என் மகனுக்கு அப்படித்தான் ஆயிற்று. அவன் நோட்டைக் கண்டாலே அழுத காலத்தை நீயும் பார்த்தவன்.

சென்ற மாதம் குட்டியைக் கூப்பிடப் போனபோது ஒரு மணி நேரம் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். நீளமான மரக்கட்டையில் பத்துக் குழிகள், அவற்றில் பொருந்தும் பத்து உருளைகள். ஒவ்வொன்றின் தலையிலும் சிறு குமிழ். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் சேர்ந்தால்தான் அதைத் தூக்க முடியும். பென்சில் பிடிக்கும் பிடி அதுவே. குட்டி ஒன்றை இடம் மாற்றி வைத்துவிட்டாள். கடைசி உருளை குழிக்குள் இறங்கவில்லை. நான் உதவ எழுந்தேன். ஆசிரியை கண்ணாலேயே வேண்டாம் என்றார். அவள் கட்டையை உற்றுப் பார்த்தாள், எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள், முதலிலிருந்து தொடங்கினாள். மூன்றாம் தடவை சரியாக அமர்ந்தது. பாராட்டுக்காக யார் முகத்தையும் பார்க்கவில்லை. மறுபடியும் வெளியே எடுத்து வைத்து ஆரம்பித்தாள்! தப்பு எங்கே என்பதை அந்தக் கட்டையே அவளுக்குச் சொல்லிவிட்டது. திட்டவோ சிவப்பு மையால் அடிக்கவோ ஆள் தேவைப்படவில்லை.

தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான். மணிக்கட்டைத் திருப்பவும் சரியான இடத்தில் நிறுத்தவும் கை பழகுகிறது. சிந்தினால் அவளே துணி எடுத்துத் துடைக்கிறாள்.

எழுத்து வராமல் போகாது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை அலமாரியில் பார்த்தேன். ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் வருட வேண்டும். விஜயதசமியன்று அப்பா உன்னை மடியில் வைத்து, பச்சரிசியில் உன் விரலைப் பிடித்து 'அ' போட வைத்தாரே, அந்த விரல் வழிதான் இது. நாம் ஒரு நாளோடு நிறுத்திவிட்டுப் பலகையைத் தூக்கிக் கொடுத்தோம். இங்கே மாதக்கணக்காகத் தொடர்கிறார்கள்.

பணக்காரப் பிள்ளைகளுக்கான பகட்டு என்று நீ சொன்னதுதான் எனக்கு வலித்தது. இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி ஒரு மருத்துவர். 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் முதல் பள்ளியைத் தொடங்கினார். அப்பனும் அம்மையும் வேலைக்குப் போய்விட, கவனிக்க ஆளில்லாமல் கிடந்த பிள்ளைகள் அவர்கள். இருட்டோடு தோட்டத்துக்குப் போகிற உன்னைப் போன்றவர்களின் பிள்ளைகள்தான். 1939இல் அந்த அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப்போரில் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் தங்கிப் பிள்ளைகளோடு வேலை செய்தார். நம் தமிழ் மண்ணில் வேர் பிடித்த முறை இது.

ஒன்றில் உன் சந்தேகம் நியாயமானது. மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்களா, பொருள்கள் அவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கின்றனவா, காலையில் மணியடித்துக் கலைக்காமல் மூன்று மணி நேரம் போல வேலை செய்ய விடுகிறார்களா என்று பார். குட்டியின் பள்ளியில் நான் பார்த்த வரை இவை எல்லாம் இருக்கின்றன.

ஜூனில் மாற்றாதே. ஒரு வருடம் பொறு. ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருகிறேன். இரண்டு சிரட்டையை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு படி சிறுபயறும் எடுத்து வை. திண்ணையில் குட்டி ஒரு சிரட்டையிலிருந்து மற்றதற்கு மாற்றட்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவள் விரல்களை மட்டும் பார்.

அன்புடன்,
அக்கா
நாகர்கோவில்