கண்ணாடி தேய்ந்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில், இளம்பெண் ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்புக்கு வந்திருந்த மதிப்புரையைப் படித்தேன். "இவை கண்ணாடி முன் நின்று எழுதிய கவிதைகள், தன்னைத் தானே கொஞ்சிக்கொள்வது நம் மரபுக்கு அந்நியம்" என்ற இடத்திற்கு வந்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படிக்க முடிந்தது.

நான் ஓமலூர்ப் பக்கத்தில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவள். 'போதும்பொண்ணு' என்பது பெற்றோர் எனக்கு ஆசையோடு சூட்டிய பெயர். எங்கள் வீட்டிலிருந்த ஒரே கண்ணாடி, அப்பா முகம் மழிக்கும் உயரத்தில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது. நாங்கள் மூவரும் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறித்தான் பொட்டு வைத்துக்கொள்வோம். இரண்டாம் முறை எட்டிப் பார்த்தால், கண்ணாடி தேய்ந்துவிடப் போகிறது என்று பாட்டி குரல் கொடுப்பார். பெண் சிசுக்களின் உயிரைக் காக்க, 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு முதன்முதலில் எங்கள் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்க நேர்ந்தது என்பது தாங்கள் அறியாததன்று. இந்த மண்ணில் ஒரு பெண் 'என்னை எனக்குப் பிடிக்கும்' என்று எழுதுவதைக் கொஞ்சல் என்று சொல்ல, மதிப்புரையாளருக்கு நல்ல துணிச்சல் இருந்திருக்க வேண்டும்.

மரபைப் பற்றி அவர் கற்பிக்கட்டும்; முப்பத்தோராண்டு தமிழ் கற்பித்தவள், கைகட்டிக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குமுன் குறுந்தொகையின் 27-ஆம் பாடலை அவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கன்றும் உண்ணாமல் கலத்திலும் விழாமல் நிலத்தில் வீணாய்ச் சிந்திய பாலைப் போலத் தன் மாமை அழகு, பிரிவால் மேனியில் படரும் வெளிறிய நிறமாகிய பசலைக்கு இரையாகிறதே என்று பாடும் வெள்ளிவீதியார், "எனக்கும் ஆகாது என்ஐக்கும் உதவாது" என்கிறார். தலைவனின் பிரிவுக்கு ஏங்கும் பாட்டுத்தானே என்று மதிப்புரையாளர் சொல்லக்கூடும். ஏங்கட்டும், ஆனால் அந்த நட்டக் கணக்கில் 'எனக்கு' முதலில் வருகிறது, தலைவன் அடுத்துத்தான் வருகிறான். இந்த வரிசையை அந்த அம்மையார் எந்த நாட்டிலிருந்து கடன் வாங்கினார்?

2002-இல் கவிஞர் குட்டி ரேவதியின் 'முலைகள்' கவிதைத் தொகுப்பு வெளிவந்தபோது, தலைப்போடு நின்று கொதித்தவர்களைப் பார்த்தோம். தங்கள் மதிப்புரையாளர் அட்டையைத் தாண்டி உள்ளே போயிருக்கிறார், அது முன்னேற்றம்தான். மேற்கோள் காட்டிய வரிகளுள் ஒன்றையேனும் முழுதாகக் காட்டியிருக்கலாம்.

நான் ஏற்காட்டில் பணியாற்றியபோது, எட்டாம் வகுப்பு மாணவிகளைத் தங்களைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் அம்மாவைப் பற்றியே எழுதினார்கள். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி மட்டும், பழம் சிவப்பு, என் கை கறுப்பு, கூடைக்குள் இரண்டும் சேர்ந்தால் அழகு என்று எழுதியிருந்தாள். ஆண்டு மலருக்காக அதைக் கொடுத்தபோது, இந்த வயதிலேயே இவ்வளவு திமிரா என்று தலைமையாசிரியர் அந்த வரிகளை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் தாய்மையைப் போற்றித் தாமே ஒரு வெண்பா எழுதிச் சேர்த்தார். (அதில் தளை தட்டியது, இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

தாய்மை என்றதும் நினைவு வருகிறது. மகளிர் தினச் சிறப்பிதழுக்கு நான் அனுப்பிய கவிதையைத் தாங்களும் திருப்பி அனுப்பி, தாய்மையைப் பற்றி எழுதினால் பரிசீலிக்கலாம் என்று அன்போடு குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த அஞ்சலட்டை இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எங்கள் ஊர் இலக்கியக் கூட்டங்களுக்கும் நான் அழைக்கப்படாமல் இல்லை; தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடவும், பொன்னாடைத் தட்டை ஏந்தவும் அழைத்திருக்கிறார்கள்.

மதிப்புரையைத் திரும்பப் பெறுங்கள் என்று நான் கேட்கவில்லை. நூலின் பதிப்பகப் பெயரும் விலையும் அச்சில் விடுபட்டிருக்கின்றன. தலைப்பை மட்டும் சொல்லி இங்கே ஒரு கடையில் கேட்டதற்கு, அவர்கள் சமையல் குறிப்பு நூல்கள் இருக்கும் அடுக்கைக் காட்டினார்கள். அடுத்த இதழில் அவ்விரு விவரங்களையும் வெளியிட்டால், நானே வாங்கிப் படித்துக்கொள்வேன். இக்கடிதத்தை வெளியிடுவதாயின், என் பெயரைச் சுருக்கவோ, அதன்முன் 'திருமதி' சேர்க்கவோ வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
போதும்பொண்ணு
தமிழாசிரியை (ஓய்வு)
அம்மாபேட்டை, சேலம்