பிற துறையிலிருந்து மானிடவியலுக்கு வருவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறியியல், அறிவியல், வணிகவியல், இலக்கிய மாணவர்களே,

மானிடவியல் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது உங்களில் பலர் நோக்க அறிக்கையின் முதல் பத்தி முழுக்க மன்னிப்புக் கேட்கிறீர்கள்: "நான் படித்தது வேறு துறை என்றாலும்..." அந்தப் பத்தியை வெட்டிவிடுங்கள். அமெரிக்க மானிடவியலின் முன்னோடியான ஃபிரான்ஸ் போவாஸ் 1881இல் முனைவர் பட்டம் வாங்கியது இயற்பியலில். நீரின் நிறம் பற்றி ஆராய்ந்தார். மக்களோடு நீண்டகாலம் தங்கிச் செய்யும் களப்பணிக்குப் பெயர்பெற்ற மாலினோவ்ஸ்கி கணிதமும் இயற்பியலும் தத்துவமும் படித்தவர். 1898இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணைக்குப் போய் வம்சாவளி வழியாக உறவுமுறையைப் பதியும் முறையை உருவாக்கிய ரிவர்ஸ் ஒரு மருத்துவர். தேர்வுக் குழுவுக்கு உங்கள் பழைய பட்டம் உறுத்துவதில்லை. மானிடவியலாகக் கேள்வி கேட்க வருமா என்பதுதான் அவர்கள் பார்ப்பது.

பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குவதும் இங்கேதான். "தொழில்நுட்பமும் சமூகமும்" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. "இரவுப்பணிச் செவிலியர்கள் கண்காணிப்புக் கருவியின் எச்சரிக்கை ஒலியை எப்போது நம்புகிறார்கள், எப்போது ஒதுக்குகிறார்கள், அந்த முடிவுக்கு யாரிடம் என்ன காரணம் சொல்கிறார்கள்?" இது கேள்வி. படிவம் கொடுத்து இதற்கு விடை வாங்க முடியாது; கூடவே இருந்து பார்க்க வேண்டும். கருவியின் உள்ளமைப்பு தெரிந்த பொறியியல் மாணவருக்கு இங்கே பழைய படிப்பே கைகொடுக்கும்.

கேள்வி கேட்கப் பழக ஒரு சிறு களப்பணி செய்து பாருங்கள். ஒரே இடம், ஆறு வாரம், வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம். முதல் நாளே நீங்கள் யார், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று சொல்லி ஒப்புதல் பெறுங்கள். குறிப்பில் பெயர்களை மாற்றிவிடுங்கள். நீங்கள் இன்னும் மாணவர் என்றால், நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமா என்று துறையில் முன்கூட்டியே கேளுங்கள். அங்கே கிறுக்கி வைத்ததை அன்றிரவே விரித்து எழுதுங்கள், மறுநாளுக்குத் தள்ளினால் பேச்சின் சொற்கள் போய் உங்கள் சுருக்கம்தான் மிஞ்சும். பார்த்தது, கேட்டது, நீங்கள் நினைத்தது மூன்றையும் தனித்தனியே வையுங்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். ஆகவே மூன்று நேர்காணல் போதும், பத்து எடுத்தால் ஏழு பெட்டியிலேயே கிடக்கும். "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்றால் பாடப்புத்தகப் பதில் வரும். "நேற்று வந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு துறைக்கும் ஒரு பழைய பழக்கம் உண்டு. அறிவியல் மாணவர் கருதுகோளை முதலிலேயே எழுதிவிட்டு அதற்குச் சான்று தேடுவார். வணிகவியல் மாணவரின் கை தானாகவே கருத்துக்கணிப்புப் படிவத்துக்குப் போகும். இலக்கிய மாணவர் எழுதுவதில் இடம் அழகாக இருக்கும், ஆனால் ஒரு மனிதர்கூட வாய் திறக்க மாட்டார். (கடைசி நோய் எங்களுக்கும் உண்டு.)

வாசிப்பில் பத்து நூல்களின் சுருக்கங்களைவிட ஒரு இனவரைவியல் நூலை (ஒரு மக்கள் குழுவோடு இருந்து பார்த்து எழுதியதை) முழுதாகப் படிப்பது மேல். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஓரத்தில் எழுதுங்கள்: இது இவருக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு உங்கள் கேள்வியை ஒட்டி, அண்மை மூன்று ஆண்டு ஆய்விதழ்களைப் புரட்டுங்கள்.

எழுத்து மாதிரியாக ஐந்து பேர் சேர்ந்து எழுதிய ஆய்வகக் கட்டுரையை அனுப்பாதீர்கள். அதில் உங்கள் குரல் எதுவென்று யாருக்கும் தெரியாது. களக்குறிப்பிலிருந்து எழுதிய கட்டுரையே அங்கே போகட்டும். மூன்று பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாவது உங்கள் எழுத்தைப் படித்த சமூக அறிவியல் ஆசிரியருடையதாக இருக்கட்டும். அப்படி யாரும் இல்லையென்றால் இப்போதே ஒரு பாடத்தில் சேருங்கள்.

அமெரிக்க முனைவர் திட்டங்கள் பலவற்றில் மானிடவியல் இளநிலையோ முதுநிலையோ இல்லாமலே சேரலாம். ஆனால் சில துறைகளில் பண்பாடு, உடல், தொல்லியல், மொழியியல் என நான்கு கிளைகளிலும் பாடம் எடுக்க வேண்டியிருக்கும். பிரிட்டனில் துறை மாறி வருபவர்களுக்கென்றே ஓராண்டு முதுநிலைப் படிப்புகள் உள்ளன.

நெறியாளருக்கு எழுதுமுன் அவர் ஓய்வுபெறப் போகிறாரா, இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்று துறைப் பக்கத்தில் பாருங்கள். மின்னஞ்சல் பத்து வரியைத் தாண்ட வேண்டாம்: உங்கள் கேள்வி, அவர் எழுதியதில் நீங்கள் படித்த ஒன்று, அதையொட்டி ஒரு ஐயம். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை மட்டும் நினைவூட்டுங்கள்.

இப்படிக்கு,
மானிடவியல் கற்பிக்கும் சிலர்