மருத்துவ மாணவரின் துணைவருக்கும் வேலை வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவ பீடத்தில் ஐந்தாண்டுகள் படித்து, உள்ளகப் பயிற்சிக் காலச் சம்பளம் கைக்கு வரும் வரை, வெளிமாவட்டங்களிலிருந்து வந்து அறையெடுத்துத் தங்குவோர், குறிப்பாகப் படிப்பிடையே மணமுடித்தோர், வாடகைக்கே திண்டாடுகின்றனர். எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் மாணவர், ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து வந்ததும் வெள்ளைக் கோட்டைக் கதவில் மாட்டிவிட்டு, உயர்தர வகுப்பு மாணவர் இருவருக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறார்; கணக்கியல் படித்த அவருடைய மனைவியோ, சிங்களம் சரளமாக வராது என்று இரண்டு இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டார். (தமிழில் கணக்கெழுதும் கடைகள் கொழும்புக் காலி வீதியில் இல்லாமலா போயின?) மாணவரால் மாலையில் ஓரிரு மணித்தியாலங்களே ஒதுக்க முடியுமாதலால், துணைவரின் முழுநேர வேலையே குடும்பத்தைத் தாங்கும். பாமசிகளும் தனியார் கல்வி நிலையங்களும் அனுப்பும் வெற்றிட விபரங்களுக்குத் தங்கள் பத்திரிகை வாரமொருமுறை ஒரு பத்தி ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர்