ஈரல் மாற்றிய பிள்ளை குறட்டை விட்டால்

ஆசிரியருக்கு,

என் தங்கச்சியின் மகளுக்குப் பிறப்பிலேயே பித்தநாளம் அடைப்பு. மலம் வெள்ளையாகப் போனதைப் பால் குடிக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம், கண்டுபிடித்தபோது 3 மாதம் தாண்டிவிட்டது (அதற்கான ஒப்பரேஷனை 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன் என்பது பிறகுதான் தெரிந்தது). ஈரல் கெட்டுப்போய், கடைசியில் சென்னையில், தங்கச்சியின் ஈரலிலேயே ஒரு துண்டு எடுத்து வைத்தார்கள். பிள்ளை தேறி வீடு வந்ததும் கோணேசர் கோயிலில் நேர்த்திக்கடன் தீர்த்தோம், இனிப் பயமில்லை என்றே நினைத்தோம்.

ஈரல் மாற்றி எட்டாம் மாதம் இரவில் வாயைத் திறந்தபடி குறட்டை விடத் தொடங்கினாள். கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது, விட்டுவிட்டுக் காய்ச்சல். காட்டிய இடங்களில் டொன்சில் என்று மூன்று தரம் அன்டிபயோட்டிக் தந்தார்கள். மற்றப் பிள்ளைகள் என்றால் அது சரியாகத்தான் இருந்திருக்கும். அப்புறம் வயிற்றோட்டம், நிறையும் குறைந்துகொண்டே போனது. சென்னை டொக்டருக்குப் போன் எடுத்தோம், அவர் முதலில் கேட்டதே ஈபிவி பார்த்தீர்களா என்றுதான். நாங்கள் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

ஈபிவி என்றால் எப்ஸ்டீன்-பார் வைரஸ், 1964இல் கண்டுபிடித்தது. எச்சிலால் பரவும், வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேரின் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கிறது. புது ஈரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கிற டக்ரோலிமஸ், இந்த வைரஸை அடக்கிவைக்கிற டி செல்கள் என்ற வெள்ளணுக்களையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும், அப்போது வைரஸ் புகுந்த பி செல்கள் (இன்னொரு வகை வெள்ளணுக்கள்) கட்டுக்கடங்காமல் பெருகும், சிலருக்கு அது லிம்போமா என்ற புற்றுநோய் வரைக்கும் போய்விடும். வைரஸ் இன்னும் தொற்றாத சின்னப் பிள்ளைக்கு, வைரஸ் உள்ள பெரியவரின் ஈரலை வைக்கும்போதுதான் ஆபத்து அதிகம், அதுவும் முதல் வருடத்தில்.

"அப்ப நான் குடுத்த ஈரலோடயா வந்தது?" என்று தங்கச்சி அழுதாள். எந்தப் பெரியவர் கொடுத்திருந்தாலும் இது வந்திருக்கலாம், அந்தத் துண்டு இல்லாவிட்டால் பிள்ளையே இல்லை என்று டொக்டர் சொல்லியும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

நெறியில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்து உறுதி செய்த பிறகு டக்ரோலிமஸைக் குறைத்தார்கள். சில பிள்ளைகளுக்கு அதுவே போதுமாம். இவளுக்குப் போதவில்லை, அந்த பி செல்களை அழிக்கிற ரிட்டுக்சிமாப் ஊசி வாரத்துக்கு ஒன்றாக நான்கு போட்டார்கள். இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள். தயவுசெய்து யாரும் வீட்டில் தாங்களாகவே மருந்தைக் குறைத்துவிடாதீர்கள், ஈரலை உடம்பு நிராகரித்துவிடும்.

மூதூரிலோ கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், காய்ச்சல், நெறி, குறட்டை, வயிற்றோட்டம் எது வந்தாலும், ஈரல் மாற்றிய பிள்ளை என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளின் கையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு அட்டை இருக்க வேண்டும்: என்ன மருந்து, எது வந்தால் ஈபிவி பார்க்க வேண்டும், யாருக்குப் போன் எடுக்க வேண்டும் என்று. அதோடு, வைரஸ் அளவு பார்க்க ஒவ்வொரு தரமும் பிள்ளையை இரவு ரயிலில் 250 கிலோமீட்டருக்கு மேல் கொழும்புக்குக் கொண்டுபோகிறோம். இரத்தத்தைத் திருகோணமலையிலேயே எடுத்து, குப்பியை மட்டும் அனுப்ப ஒரு வழி செய்து தாருங்கள் என்று சுகாதார அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு பெரியம்மா,
உவர்மலை, திருகோணமலை