கினிப்பன்றி ஆணா, பெண்ணா என்று கேட்டிருந்தாய்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. செய்தித்தாளைத் தானே எடுத்து வைத்துப் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர்களிடம் என் வணக்கத்தைச் சொல். நான் நலம். பணி ஓய்வுக்குப் பிறகு நாள் நீண்டு கிடக்குமோ என்று பயந்தேன், அப்படி ஆகவில்லை. மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கணக்குப் படிக்க வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் கணக்குக்காக வரவில்லை, கொறிக்கும் சிறு பிராணிகளான என் இரண்டு கினிப்பன்றிகளைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

உன் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வருகிறேன். மகள் கினிப்பன்றி வேண்டும் என்று கேட்கிறாள், ஆண் வாங்குவதா பெண் வாங்குவதா, கேட்ட இடத்தில் எல்லாம் பெண்தான் சாது என்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். நீ கேட்டது நல்லதாயிற்று. முன்பு ஒரு தாயையும் மகளையும் வளர்த்தேன். இப்போது இருப்பவை இரண்டு ஆண்கள். இரண்டு பக்கத்தையும் பார்த்தவள் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் ஒன்று. "ஒன்றே ஒன்று போதும்" என்று மகள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. இவை கூட்டமாக வாழும் உயிர்கள். தனியாக விட்டால் ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். அந்த ஒடுக்கத்தைப் பார்த்து "எவ்வளவு அமைதியான பிராணி" என்று மனிதர்கள் பாராட்டுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினிப்பன்றியைத் துணையில்லாமல் வளர்ப்பது சட்டப்படியே கூடாது. ஆகவே நீ தேர்ந்தெடுக்கப் போவது ஒரு ஆணையோ ஒரு பெண்ணையோ அல்ல, ஒரு ஜோடியை. கேள்வியை இப்படி மாற்றிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆணும் பெண்ணுமாக வாங்கலாமே என்று உன் வீட்டில் யாராவது சொல்வார்கள். ஆணுக்கு விதைநீக்கம், அதாவது குட்டி உண்டாகாமல் தடுக்கும் அறுவை சிகிச்சை, செய்திருந்தால் ஒழிய அதற்குச் சம்மதிக்காதே. இதில் மட்டும் நான் பிடிவாதக்காரி. குட்டிகள் அழகுதான், மறுக்கவில்லை. உடம்பெல்லாம் முடியோடு, கண் திறந்தபடி, பல்லோடு பிறக்கும். பிறந்த அன்றே ஓடும், ஓரிரு நாளில் புல்லைக் கடிக்கத் தொடங்கும். ஆனால் இப்படி முழுதாக வளர்ந்து பிறக்க வேண்டும் என்றால் தாய் வயிற்றில் 59 முதல் 72 நாள் வரை சுமக்க வேண்டும். கடைசி வாரங்களில் அவள் நடக்கவே சிரமப்படும் அளவுக்கு வயிறு பெருத்துவிடும். ஈன்ற சில மணி நேரத்திலேயே அவள் மறுபடி சினைப்பருவத்துக்கு வந்துவிடுவாள். ஆண் அதே கூண்டில் இருந்தால், ஒரு பேற்றின் களைப்பு ஆறுவதற்குள் அடுத்த சினை. ஆறேழு மாதம் தாண்டியும் ஒருமுறைகூட ஈனாத பெண்ணுக்கு இடுப்பெலும்பின் முன்பக்க இணைப்பு இறுகிவிடும். அதன் பிறகு முதல் சினை பிடித்தால் குட்டி வெளியே வர வழியில்லாமல் தாயும் குட்டியும் சேர்ந்து இறப்பதுண்டு. ஆண் குட்டிகளோ மூன்று வாரத்திலேயே ஆண்மை அடைந்துவிடும், பெண் குட்டி ஒரு மாதத்தில் சினை பிடிக்கும். உடன்பிறப்பு, தாய் என்ற வேறுபாடெல்லாம் அவற்றுக்கு இல்லை.

இனி ஆணுக்கும் பெண்ணுக்கும் குணத்தில் என்ன வேறுபாடு என்று பார்ப்போம். ஆண்கள் கொஞ்சம் துணிந்தவை, என்ன ஏது என்று முன்னால் வந்து பார்க்கும், உடம்பும் சற்றுப் பெரிது. வளர்ந்த ஆண் ஒரு கிலோ வரை, சில அதற்கு மேலும் இருக்கும். பெண்கள் பெரும்பாலும் 700 முதல் 900 கிராம் வரை. பெண்கள் ஒதுங்கி நின்று நோட்டம் பார்த்துவிட்டுத்தான் வரும். ஆனால் இதை எழுதும்போதே என் பழைய தாய்க் கினிப்பன்றி நினைவுக்கு வருகிறாள். அவளைப் போல அதிகாரம் செய்த ஆணை நான் பார்த்ததில்லை. தீனித் தட்டுக்கு அருகே மகளைக்கூட அண்டவிட மாட்டாள். பதினைந்து பதினாறு நாளுக்கு ஒருமுறை சினைப்பருவம் வரும்போது ஆணைப் போலவே உறுமிக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டி மகளைச் சுற்றி வருவாள். மகளுக்குப் பொறுமை போனால் பின்பக்கமாகச் சிறுநீரைப் பீய்ச்சி அடிப்பாள். பெண்கள் எல்லாம் சாது என்பவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருக்க மாட்டார்கள். கையில் எடுத்தால் அமைதியாக இருப்பதும், குரல் கேட்டு ஓடி வருவதும், குட்டியில் மனிதர்கள் எப்படிப் பழகினார்கள் என்பதைப் பொறுத்தது. ஆண், பெண் என்பதற்கு அதில் பங்கு மிகக் குறைவு.

அப்படியென்றால் ஆண்கள் சண்டையிடும் என்பது பொய்யா? பொய் இல்லை. பாதி உண்மை. சுமார் மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதைக் கொஞ்சம் தாண்டும் வரை ஆண்களுக்கு விடலைப் பருவம். யார் பெரியவர் என்று தீர்மானிக்க ஒன்றன்மீது ஒன்று ஏறும், துரத்தும், தொண்டைக்குள் உறுமும், பல்லை நறநறவென்று கடிக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பிரித்துவிடுகிறார்கள். அங்கேதான் ஜோடி கெடுகிறது. பிரித்து மறுபடி சேர்த்தால் முதலிலிருந்து வழக்கைத் தொடங்கும். ஆகவே உறுமலுக்கும் துரத்தலுக்கும் பிரிக்காதே. இரண்டும் உடம்பை விறைத்துக்கொண்டு, தலையை உயர்த்தி, பல் நறநறப்போடு எதிரெதிரே நின்றால் மட்டும் கவனி. இரண்டும் ஒன்றாகக் கட்டிப் புரண்டு, இரத்தம் வந்துவிட்டால் உடனே பிரிக்க வேண்டும். அப்போது வெறுங்கையை நடுவில் விடாதே, கனமான துண்டைப் போட்டுப் பிரி. அப்படிப் பிரிந்த ஜோடியைக் கம்பி வலையின் இரு பக்கமும் அருகருகே வை. ஒன்றையொன்று பார்க்கும், பேசும், தனிமை வராது.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் நார்பர்ட் சாக்சர் என்ற உயிரியலாளர் பல ஆண்டுகள் கினிப்பன்றிகளின் கூட்டு வாழ்க்கையை ஆராய்ந்தவர். பெரியவர்கள் பலர் இருக்கும் கூட்டத்தில் வளர்ந்த ஆண்கள், முன்பின் தெரியாத இன்னொரு ஆணைச் சந்தித்தால்கூடப் பெரிய மோதல் இல்லாமல் ஒத்துப்போகின்றன. மூத்த ஆண்களைப் பார்த்து வளர்ந்த அனுபவம் இல்லாமல், தனியாகவோ ஒரே ஒரு பெண்ணோடு மட்டுமோ வளர்ந்தவைதான் மூர்க்கமாகச் சண்டையிட்டன. சண்டை பிறவிக் குணம் இல்லை, பணிந்து போகக் கற்றுக்கொள்ளாத குறை. இத்தனை நாள் பள்ளிக்கூடத்தில் இருந்த எனக்கு இதைப் படித்தபோது எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

அதனால்தான், மூத்த ஆண் ஒன்றும் இளங்குட்டி ஒன்றுமாகச் சேர்ப்பது நன்றாக நடக்கிறது. பெரியவர் யார் என்ற கேள்வியே எழுவதில்லை. அண்ணன் தம்பியாகச் சேர்ந்து வளர்ந்த இரண்டும் நல்லதே. மூன்று ஆண்கள் மட்டும் வேண்டாம். இரண்டு சேர்ந்து ஒன்றைத் துரத்துவது வழக்கமாகிவிடும். பெண்ணின் வாசனை ஆண்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கவே கூடாது. இடமும் தாராளமாக வேண்டும். ஒரு ஜோடிக்கு நான்கடிக்கு இரண்டடி என்பது குறைந்தபட்சம், ஆண்களுக்கு ஐந்தடிக்கு இரண்டரையாவது கொடு. மாடி வைத்த கூண்டைக் காட்டி ஏமாற்றுவார்கள். இவை ஏறும் பிராணி இல்லை, தரைதான் கணக்கு. தண்ணீர்ப் புட்டி, தீனித் தட்டு, ஒளிந்துகொள்ளும் பெட்டி எல்லாம் இரண்டிரண்டு வை. பெட்டிக்குக் கட்டாயம் இரண்டு வாசல் இருக்கட்டும், துரத்தப்பட்டவன் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது. ஒன்றை மருத்துவரிடம் கொண்டுபோனால் மற்றதையும் கூடவே கொண்டுபோ. தனியாகப் போய் வந்தவனின் உடம்பில் மருந்து வாசனை அடித்தால், அவன் யாரோ அந்நியன் என்று வீட்டில் இருந்தவன் பாய்வதுண்டு.

உடல்நலக் கணக்கையும் போட்டுப் பார். இதைத்தான் யாரும் வாங்கும்போது சொல்வதில்லை. வயதான ஆண்களுக்கு ஆசனவாய்த் தசை தளர்ந்து மலம் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். அது வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க நாம்தான் மென்மையாகச் சுத்தம் செய்துவிட வேண்டும். வால் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு, ஆண்களுக்கு அது பிசுபிசுத்து முடியைச் சிக்காக்கும். வாசனையும் கொஞ்சம் கூடுதல். முகம் சுளிக்க வைக்கும் வேலைகள்தான், ஆனால் கையால் முடிந்துவிடும் வேலைகள். பெண்களுக்கு வருவது வேறு. ஒன்றரை வயதைத் தாண்டிய பெண்களிடம் சினைப்பையில் நீர்க்கட்டி மிகச் சாதாரணம். இரு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டும், வயிறு பேரிக்காய் போல உப்பும். ஊசி போட்டுப் பார்ப்பார்கள், நிரந்தரத் தீர்வு அறுவை சிகிச்சைதான், இவ்வளவு சிறிய உயிருக்கு மயக்க மருந்தே ஒரு ஆபத்து. என் தாய்க் கினிப்பன்றிக்கு அது வந்தது. அறுவை சிகிச்சையைத் தாங்கினாள், பிறகு நல்லபடியாகவே வாழ்ந்தாள். ஆனால் அந்த வாரம் நான் தூங்கவில்லை. பெண்ணின் சிறுநீர்த்துளை ஆசனவாய்க்கு நெருக்கமாகத் தரையோடு தரையாக உரசுவதால் சிறுநீர்த் தொற்றும் அவற்றுக்கு எளிதில் வருகிறது.

விதைநீக்கம் செய்த ஆணும் ஒன்றிரண்டு பெண்களும் சேர்ந்த குடும்பம்தான் பார்க்க மிக அமைதியானது, இயற்கைக்கும் நெருக்கமானது. எங்காவது அப்படி ஏற்கெனவே சிகிச்சை முடிந்த ஜோடி, வீடு தேடிக்கொண்டிருந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள். ஆனால் அதற்காக நீயே ஒன்றை வாங்கி அறுவை சிகிச்சைக்கு அனுப்புவது முதன்முறை வளர்ப்பவர்களுக்கு வேண்டாம் என்பேன். சிகிச்சைக்குப் பிறகும் ஆறு வாரம் பெண்ணிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும், விந்து அதுவரை தங்கியிருக்கும்.

எதை எடுத்தாலும், தருபவர் சொல்லும் பாலினத்தை நம்பிவிடாதே. "இரண்டும் பெண்" என்று வாங்கிய பிறகு குட்டி போட்ட கதை ஊர் உலகமெல்லாம் உண்டு. முலைக்காம்பை வைத்துச் சொல்ல முடியாது, இரண்டுக்கும் காம்பு உண்டு. பின்பக்கத்தைப் பார்த்தால், பெண்ணுக்கு மடிப்பு மேலே இரண்டாகக் கவைபோல் பிரிந்திருக்கும். ஆணுக்கு வட்டமான சிறு மேடு தெரியும், அதற்குச் சற்று மேலே வயிற்றை மெல்ல அழுத்தினால் குறி வெளியே வரும். முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள். மூன்று வார வயதுக்கு மேற்பட்ட ஆணும் பெண்ணும் கலந்திருந்த கூண்டிலிருந்து பெண்ணை எடுத்தால், சினையாக இருக்கக்கூடும் என்பதையும் மனதில் வை.

என் முடிவைக் கேட்டால், ஏற்கெனவே ஒன்றாக வாழ்ந்து பழகிய இரண்டு ஆண்களை எடு. பெண்கள் மட்டம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆண் என்றாலே சண்டை என்ற பேச்சால் நல்ல ஜோடிகள் வீடு கிடைக்காமல் கூண்டிலேயே கிழண்டு போகின்றன, உனக்கோ இடத்துக்குக் குறைவில்லை. துணிந்து முன்னால் வரும் குணம் உன் மகளைப் போன்ற பொறுமையான பிள்ளைக்குச் சீக்கிரம் பலன் தரும். ஒருவேளை உங்களால் பெரிய கூண்டு வைக்க முடியாது என்றால், அல்லது பின்னால் மூன்றாவதாக ஒன்று சேர்க்கும் எண்ணம் இருந்தால், அப்போது பெண்களை எடு, இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்தால் ஆண்களைவிட எளிதில் ஒத்துப்போகும். முடிவெடுக்கும் முன் அந்த இரண்டும் ஒரே பெட்டியில் படுக்கின்றனவா, ஒரே தட்டில் தின்கின்றனவா என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பார். மகளையும் கூட்டிப்போ.

தீனி பற்றிப் பிறகு தனியாக எழுதுகிறேன். இப்போதைக்கு இரண்டு மட்டும்: உலர்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும், பல் நிற்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும், அதை அரைத்துத் தேய்ப்பது புல்தான். நம்மைப் போலவே இவற்றின் உடம்பாலும் வைட்டமின் சி உண்டாக்கிக்கொள்ள முடியாது, ஆகவே குடைமிளகாய் தினமும் ஒரு துண்டாவது போக வேண்டும். ஐந்து முதல் எட்டு ஆண்டுவரை வாழும் உயிர். உன் மகள் கல்லூரிக்குப் போகும்போது இவை உன் பொறுப்பில் விழும் என்பதையும் இப்போதே உன் கணவரிடம் பேசிவிடு.

கூண்டு வைக்கப்போகும் இடத்தின் நீள அகலத்தையும், அங்கே நண்பகல் வெயில் விழுகிறதா என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது. வெயில் விழும் இடமென்றால் இப்போதே வேறு இடம் பார், இவற்றுக்கு வெக்கை ஆகாது. மகளுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தால் அவளே எனக்கு எழுதட்டும், பெரியவர்களுக்கு எழுதுவது போலவே பதில் எழுதுவேன்.

என்றும் அன்புடன்,
உன் தோழி