நடுவர்களே, அந்த பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள்

மாவட்ட அறிவியல் கண்காட்சி நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். 'எரிபொருள் இல்லா ஜெனரேட்டர்' இந்த ஆண்டும் முதல் பரிசு வாங்கிவிட்டது. பேட்டரி மோட்டாரைச் சுற்றுகிறது. மோட்டார் பெல்ட் வழியே ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தையும், சுற்றினால் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. ஆல்டர்னேட்டர் பேட்டரியை சார்ஜ் செய்கிறது. மிச்சத்தில் பல்பு எரிகிறதாம். எங்கிருந்து வந்த மிச்சம்?

மோட்டாரின் திறன் 80 சதவீதம், பெல்ட் 95, ஆல்டர்னேட்டர் 85 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பேட்டரி கொடுக்கும் 1000 வாட்டில் 646தான் திரும்பும். மீதி 354 சுருள் சூடாகவும் பேரிங் உராய்வாகவும் காற்றோடு போய்விடும். ஃப்ளைவீல் ஆற்றலை உண்டாக்காது, வாங்கியதை வைத்திருந்து கொடுக்கும். 25 கிலோ எடையும் 50 செ.மீ. விட்டமும் உள்ள இரும்புத் தட்டு நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால் அதில் இருப்பது சுமார் 9600 ஜூல். 100 வாட் பல்புக்கு ஒன்றரை நிமிடம் வரும். ஆனால் 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 1200 வாட்-மணி இருக்கிறது. நீங்கள் நின்று பார்க்கும் பத்து நிமிடமும் பல்பு கம்பீரமாக எரிவது அதனால்தான்.

ஆகவே, பரிசு தருமுன் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று விறகடுப்பை அளந்து கொண்டுவந்திருந்தது. 100 கிராம் காய்ந்த விறகு, ஏறத்தாழ 1600 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏறியது. தண்ணீருக்குள் போனது 293 கிலோஜூல். திறன் 18 சதவீதம். மீதி புகையில் எவ்வளவு, அடுப்புக் கல்லில் எவ்வளவு என்று தனியே பட்டியல் வேறு. "பதினெட்டுதானா?" என்று கேட்டு பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினீர்கள். அந்த விறகைத் தந்த மரமே தன்மேல் விழுந்த வெயிலில் நூற்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் பெரிது. உங்கள் மதிப்பெண் தாளில் மரமும் தோற்றிருக்கும்!

இப்படி வெளியிலிருந்து ஆற்றல் வாங்காமலே ஓடிக்கொண்டிருக்கும் என்று சொல்லப்படும் நிரந்தர இயக்க எந்திரங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1775இலேயே முடிவெடுத்துவிட்டது. இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானதற்குக் காப்புரிமை இல்லை என்கிறது நம் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 3. நம் மேடையில் மட்டும் பொன்னாடை.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: அடுத்த ஆண்டு பேட்டரியைக் கழற்றுங்கள். மேசைக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து பாருங்கள். இரண்டாவது பேட்டரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்